பனங்காடைக்கு ஒரு பெட்டி

ஏணியை எப்படிச் சாய்ப்பது, பெட்டியின் வாயை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது, உள்ளே எவ்வளவு மரத்தூள் போடுவது என்பதையெல்லாம் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இந்த வாரமே காட்டிவிடுவார்கள். கொஞ்ச நாளில் கை பழகிவிடும். அதைச் சொல்வதற்கு முழங்கால் போன ஒரு பொம்பளையைக் கூப்பிட்டிருக்க மாட்டீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. ஒரு வீட்டுச் சுவரில் பெட்டியை மாட்டிவிட்டு நாம் பாட்டுக்குக் கிளம்பி வந்துவிடுகிறோம். அன்று முதல் அந்த வீட்டில் இருப்பவர்கள் காத்திருக்க ஆரம்பிக்கிறார்கள். மாட்டும்போது இது யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றவில்லை.

நான் இந்த வேலைக்கு வந்தது நாற்பது வயதுக்கு மேல். அதற்கு முன்னால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். கம்பெனியை மூடிவிட்டார்கள். பறவைகளுக்குக் கூடு வைக்கிற அமைப்பில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, இதுவும் டேபிள், நாற்காலி, ஃபேன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். முதல் நாளே ஏணியைப் பிடிக்கச் சொன்னார்கள்.

பனங்காடையை உங்களில் சிலர் இன்னும் நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். கம்பியில் உட்கார்ந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பழுப்பு நிறம், பெருத்த தலை, தூங்கி வழிகிற மாதிரி ஒரு முகம். கீழே ஒரு வெட்டுக்கிளியைப் பார்த்து இறங்கும்போது இறக்கையை விரிக்கும் பாருங்கள், அப்போதுதான் அந்த நீலம் தெரியும். நான் முதலில் பார்த்தது ரயிலில் இருந்து, வேப்பம்பட்டுக்குக் கொஞ்சம் முன்னால். பக்கத்தில் நின்றவரைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் இறக்கையை மடக்கிக்கொண்டுவிட்டது. அவர் கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அது தானாகப் பொந்து குடையாது. தலை போய் உள்ளே மக்கிப்போன பனையில், மொட்டைப்பனை என்று சொல்வோமே, அதில்தான் முட்டையிடும். வயலை மனை போடும்போது முதலில் தள்ளுவது மொட்டைப்பனையைத்தான். நுங்கு இல்லை, நிழல் இல்லை, ஓலையும் இல்லை, அதை யார் வைத்துக்கொள்வார்கள். அதனால்தான் பெட்டி. மைனாவுக்கும் சிட்டுக்குருவிக்கும் வைத்துப் பழகிய அமைப்பு, பனங்காடைக்கும் பெரிதாக ஒரு பெட்டி செய்து பார்ப்போம் என்று இறங்கியது. அடுக்குமாடிக் குடியிருப்பு, தனி வீடு, பள்ளிக்கூடம் என்று எல்லா இடத்திலும் பேசி, இடம் கேட்டு, மாட்டி, அந்தந்த இடத்தில் ஒருவரைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வருவோம்.

பெட்டிகளை ஏற்றிப்போக ஒரு குட்டியானை வண்டியை வாடகைக்கு வைத்திருந்தோம். அதை ஓட்டியவள் பரிமளா. அயனம்பாக்கத்துக்காரி. ஏரிக்கரையில் நெல் போட்ட குடும்பம். நிலத்தை விற்றதும் அவள் புருஷன் தன் பங்குப் பணத்தில் அந்த வண்டியை வாங்கினார். அவருக்கு இடுப்பு போன பிறகு இவள் ஓட்ட ஆரம்பித்துவிட்டாள். எங்கள் அமைப்புக்கு வாடகைக்கு வந்தவள், ஒரு வருஷத்துக்குள் எங்களில் ஒருத்தி ஆகிவிட்டாள். ஏணியில் நான் இருந்தால் கீழே அவள், அவள் இருந்தால் நான். பெட்டியை மாட்டி முடித்ததும் அதன் அடியில் இரண்டு தட்டு தட்டி, "நம்ம ஆளு வரட்டும் மேடம்" என்பாள்.

நம்ம ஆள் வரவில்லை. மைனா வந்தது. எங்கே மாட்டினாலும் மைனாதான். மூன்று வருஷம் பார்த்துவிட்டுப் பரிமளா கேட்டாள், "இன்னா மேடம், இன்னும் எத்தினி வாட்டிதான் மைனாக்கே ஊடு கட்டிக் குடுக்கறது?"

அயனம்பாக்கத்தில் ஒரு குடியிருப்பு. அதன் செயலாளர் நல்ல மனிதர். ஐந்தாம் மாடித் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் பெட்டி மாட்ட அவர்தான் எல்லாரிடமும் பேசிச் சம்மதம் வாங்கினார். நீலப் பறவை வரப்போகிறது என்று பிள்ளைகளை எல்லாம் கூட்டிவைத்துச் சொல்லியிருந்தார். மைனா முட்டையிட்டதும் எனக்குப் போன் செய்தார்.

"மேடம், இதை எடுத்துடுங்க. அடுத்த வாரம் நம்ம ஃபங்ஷன். பசங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. முட்டைதானே, குஞ்சு இல்லையே."

நான் போனேன். மொட்டை மாடியில் அவரும் இன்னும் நான்கு பேரும் நின்றிருந்தார்கள். மாட்டியது பனங்காடைக்கு என்று எழுதியும் வைத்திருந்தோம், அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. அத்தனை பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டு முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பரிமளாதான் சொன்னாள்.

"சார், ஊட்ட வாடகைக்கு வுட்டாச்சு. உள்ள புள்ளத்தாச்சி குந்திகினு கீது. இப்பப் போயி காலி பண்ணுன்னா அது எங்க போவும்?"

செயலாளர் சிரித்துவிட்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. நீங்களும் இந்த நெருக்கடியில் நிற்பீர்கள். யாருக்காக மாட்டினோம் என்பது நம் ஆசை. உள்ளே உட்கார்ந்துவிட்ட பறவைக்கு அது தெரியாது. முட்டை விழுந்த பெட்டியை எவர் கேட்டாலும் தொடாதீர்கள்.

இனி பாரிவாக்கம்.

அங்கே மனை போட்ட இடத்தில் ஒரு மொட்டைப்பனை தப்பிப் பிழைத்து நின்றது. மனைக்காரர் வெளியூர். அதனால் யாரும் தள்ளவில்லை. அதில் ஒரு ஜோடி பனங்காடை இருப்பதை எங்களுக்குச் சொன்னவள் கோமதி. பக்கத்து மனையில் வீடு கட்டிக் குடிவந்தவள், சங்கரன்கோவில் பக்கம். கம்ப்யூட்டர் வேலை, பெரும்பாலும் வீட்டிலிருந்தே. மாடி அறையில் அவள் மேஜை. ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே அந்தப் பனை. காலையில் முதல் மீட்டிங்குக்கு முன்னாலேயே அதுகள் கத்தும், மைக்கை அணைத்து அணைத்துப் பேச வேண்டியிருக்கிறது என்று குறைப்பட்டுக்கொள்வாள். அந்தக் குறையைச் சொல்லும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்பதைப் பார்த்தால்தான் தெரியும்.

சித்திரை மாதம், வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கோமதி போன் செய்தாள்.

"மேடம், மரம் விழுந்துட்டு. பக்கத்து மனைக்கு வந்த பொக்லைன் திரும்பும்போது இடிச்சிட்டு. உள்ள சத்தம் கேக்கு."

நாங்கள் திருவேற்காட்டில் இருந்தோம். பரிமளா அந்த வண்டியை அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை.

போய்ப் பார்த்தால், பனை இடுப்பளவில் முறிந்து மேல்பாதி மண்ணில் கிடந்தது. பொந்து இருந்த பகுதி ஒரு பக்கம் பிளந்திருந்தது. உள்ளே மூன்று குஞ்சுகள். ஒன்று செத்துப்போயிருந்தது. மற்ற இரண்டும் வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தன. உடம்பெல்லாம் முள் முள்ளாக இறகுக் குருத்து. சில குருத்துகளின் நுனி வெடித்து, அதற்குள்ளிருந்து நீலம் எட்டிப்பார்த்தது. பெரிய பறவைகள் இரண்டும் மேலே சுற்றிச் சுற்றி அலறின. சுற்றுச்சுவரில் காக்கைகள் வந்து உட்கார்ந்துவிட்டன. பொக்லைன் டிரைவர், விழுப்புரம் பக்கத்துக்காரர், தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"பின்னாடி தெரியலங்க. மரத்த நான் பாக்கவே இல்லீங்க" என்று என்னிடம் சொன்னதையே பரிமளாவிடமும் சொன்னார்.

"வுடு நைனா. வண்டிய அப்பால எடு, போதும்" என்றாள் அவள்.

எங்கள் தொண்டர் பிரகாஷும் பைக்கில் வந்துவிட்டார். அம்பத்தூரில் குடியிருப்பவர். பறவை என்றால் உயிர். கையில் அட்டைப்பெட்டி, அதில் துணி, தண்ணீர் புகட்ட ஒரு ஃபில்லர்.

"மேடம், எடுத்துடலாம். எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்கார். இந்த வெயில்ல தாங்காது. காக்கா வேற."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. எடுத்துப் போனால் இரண்டும் அன்று சாயங்காலம் உயிரோடு இருக்கும், அது நிச்சயம். ஆனால் அதற்கப்புறம் வெட்டுக்கிளி பிடிக்கவும், பருந்தைக் கண்டால் பதுங்கவும், கம்பியில் இடம் பிடிக்கவும் யார் கற்றுக்கொடுப்பது? தாயும் தகப்பனும் தலைக்கு மேலே கத்திக்கொண்டிருக்கும்போது குஞ்சைப் பெட்டியில் போட்டு எடுத்துப்போவதா? இன்னொரு வழி, பொந்தோடு அந்தத் துண்டை அறுத்து, பக்கத்தில் உயரமான இடத்தில் கட்டிவிடுவது. பெரியவை கண்டுபிடித்து வந்தால் பிழைத்தது. வராவிட்டால் வெயிலில் வைத்துக் கொன்றதாக ஆகும். யாரைக் கேட்பது? இதை எங்கள் பக்கத்தில் யாரும் செய்து பார்த்ததில்லை.

நான் கோமதியைப் பார்த்தேன். "உங்க மாடியில தண்ணித் தொட்டி ஸ்டாண்டு இருக்கில்ல?"

"இருக்கு மேடம். கட்டிருங்க" என்றாள்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்று செய்தேன். இதை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரையும் கூப்பிட்டு, "வெயில் மேற்கால தெரியற அந்தக் கல்யாண மண்டபத்து மாடிக்குக் கீழ இறங்கற வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள பெரியது உள்ள போகலைன்னா, பிரகாஷ், நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க. நான் தடுக்க மாட்டேன்" என்றேன். எல்லையை முதலிலேயே போட்டுவிட வேண்டும். மனசு ஆட ஆரம்பித்த பிறகு போடுகிற எல்லை நிற்காது.

டிரைவரே ரம்பம் பிடித்து அறுத்தார். மக்கிய மரம், கனம் அதிகமில்லை. பிளந்த பக்கத்தைச் சாக்கால் சுற்றிக் கம்பி கட்டினோம். பரிமளா முன்னாலும் டிரைவர் பின்னாலும் பிடித்து, குழந்தையைத் தொட்டிலோடு தூக்குகிற மாதிரி அசங்காமல் மாடி ஏற்றினார்கள். ஸ்டாண்டில் நிறுத்திக் கட்டி, மேலே ஒரு தகரத்தைச் சாய்த்து நிழல் செய்தோம். அதற்குப் பிறகு செய்ய வேண்டியது ஒன்றுதான், அங்கிருந்து போய்விடுவது. அதுதான் யாருக்கும் முடியவில்லை. அக்கம்பக்கத்து மாடிகளில் எல்லாம் ஆட்கள், கையில் போன். பரிமளா ஒவ்வொரு வீட்டு வாசலாகப் போய் நின்று பேசி, எல்லாரையும் கீழே இறக்கினாள். நானும் கோமதியும் பிரகாஷும் மாடிப்படி அறையில் கதவை ஒருக்களித்துவிட்டு உட்கார்ந்தோம்.

பெரியது ஒன்று வாயில் வெட்டுக்கிளியோடு வந்தது. நேராகப் பனை நின்ற இடத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. இல்லாத மரத்தின் உச்சி எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில், காற்றில் இறக்கையை அடித்துக்கொண்டு நின்றது. பிறகு கம்பிக்குத் திரும்பியது. மறுபடி போனது. மறுபடி அதே இடம், அதே உயரம். கடைசியில் கம்பியில் உட்கார்ந்து அந்த வெட்டுக்கிளியைத் தானே விழுங்கிவிட்டது.

கோமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மேடம், போதும் மேடம்" என்றார் பிரகாஷ். "உள்ள சத்தம் குறையுது, கேக்கறீங்களா?"

கேட்டது. குறைந்துகொண்டுதான் வந்தது. வெயில் மண்டபத்து மாடியைத் தொட இன்னும் கொஞ்சம் இருந்தது. எடுத்துவிடு என்று என் கையே என்னிடம் சொன்னது. நான் கதவுப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தெருவில் யாரோ ஒரு ஸ்கூட்டரை நிறுத்தினார்கள். அந்தச் சத்தம் அடங்கிய அமைதியில் குஞ்சு ஒன்று பலமாக ஒரு கத்து கத்தியது. கம்பியில் இருந்தது தலையைத் திருப்பியது. எழும்பி வந்து தண்ணீர்த் தொட்டி மூடியில் உட்கார்ந்தது. மூடியில் இருந்தபடியே குனிந்து தகரத்துக்கு அடியில் பார்த்தது. அப்படியே வெகுநேரம் பார்த்தது. பிறகு உள்ளே போனது.

பிரகாஷ் அழுதுவிட்டார். நான் கதவுப்பிடியிலிருந்து கையை எடுத்தேன். கீழே போய்ச் சொன்னபோது பரிமளா வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "போச்சா உள்ள?" என்றாள். "போச்சு" என்றேன். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, "பொட்டில இல்லியே மேடம். மரத்துலதானே போச்சு. பொட்டிக்கும் ஒரு நா வரும்" என்றாள்.

அந்தக் குஞ்சுகள் இரண்டும் பறந்ததை அவள் பார்க்கவில்லை. மஸ்கட்டில் இருந்த மகளுக்குப் பிரசவம். குஞ்சு பறப்பதற்கு முன்னால் இவள் பறக்க வேண்டியிருந்தது. சில மாதத்தில் வந்துவிடுவேன் என்று வண்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். மகள் வேலைக்குத் திரும்பினாள், குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும், புருஷனையும் அங்கேயே வரவழைத்துக்கொண்டார்கள். வண்டியை விற்றுவிடச் சொன்னாள். விற்றோம். அதன் பிறகு எத்தனையோ பேர் எனக்கு ஏணி பிடித்தார்கள். நல்ல பிள்ளைகள். ஆனாலும் பெட்டியை மாட்டி முடித்ததும் ஒரு நிமிஷம் நான் கீழே பார்ப்பேன், அடியில் தட்ட யாராவது வருகிறார்களா என்று.

மஸ்கட் போய்ச் சில மாதத்திலேயே அவளிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. இன்னும் என் போனில் இருக்கிறது.

"மேடம், சொன்னா நம்ப மாட்ட. இங்க பனங்காடதான் எங்க பாத்தாலும். லைட் கம்பத்துக்குக் கம்பம் குந்திகினு கீது. பார்க்ல புல்லுல நடக்குது. நம்ம ஊர் காக்கா மாரி. ஒருத்தரும் நிமுந்து பாக்க மாட்றான். நாந்தான் பைத்தியம் மாரி பாத்துகினு கீறேன்." முடிக்கும்போது சொன்னாள், "எத்தினி பாத்தாலும் பாத்த மாரியே இல்ல மேடம். நம்ம பொட்டிக்கு வந்துச்சா?"

வாரம் தவறாமல் இந்தக் கேள்வி வரும்.

பாரிவாக்கத்தில், அந்த வருஷ மழைக்காலத்திலேயே பனைத்துண்டு உளுத்து உதிர்ந்துவிட்டது. அதே ஸ்டாண்டில், அதே உயரத்தில் ஒரு பெட்டி வைத்துத் தரச் சொல்லிக் கோமதி கேட்டாள். வைத்தோம். அடுத்த வேனிலில் ஒரு நாள் எனக்குப் போன் செய்து கிசுகிசுத்தாள், "மேடம், வந்திருக்கு. ஒண்ணு வானத்துல புரண்டு புரண்டு விழுது. இன்னொண்ணு பெட்டிக்குள்ள தலைய விட்டுப் பாக்கு." ஜோடி சேரும் காலத்தில் ஆண் அப்படித்தான் பறக்கும். நான் அம்பத்தூரில் கூட்டத்தில் இருந்தேன். அப்படியே எழுந்து ஓடினேன். நான் போவதற்குள் போய்விட்டன. ஒரு வாரம் போல அந்தப் பக்கம் வந்து வந்து போயிருக்கின்றன. பிறகு இரண்டு மனைகளில் ஒரே சமயத்தில் வீட்டு வேலை தொடங்கியது. கான்கிரீட் கலக்கும் சத்தம், லாரி. வருவது நின்றுவிட்டது. அதற்கடுத்த வேனிலில் வரவில்லை. அதற்கும் அடுத்ததிலும் இல்லை.

பெட்டி கேட்டு உங்களுக்குப் போன் வரும். எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள், வருமா என்று. வரும் என்று சொல்லாதீர்கள். வராது என்றும் சொல்லாதீர்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் புல் முளைத்த காலி இடம் எவ்வளவு இருக்கிறது, மொட்டைப்பனை ஏதாவது நிற்கிறதா என்று கேளுங்கள். நின்றால் அதைத் தள்ளாமல் காப்பாற்ற முடியுமா என்று கேளுங்கள். பேச்சு தானாகப் பெட்டியிலிருந்து மரத்துக்குப் போகும். அங்கே போக வேண்டும் என்பதுதான் நம் வேலை.

கடைசியாக ஒன்று. நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வாரம், வேனிலுக்கு முன்னால் பெட்டிகளைச் சுத்தம் செய்கிற சுற்றில், கோமதி வீட்டு மாடியில் இருந்தேன். அவள் கீழே சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் சிலந்திக்கூடு தவிர எதுவும் இல்லை. துடைத்துக்கொண்டிருந்தபோது பரிமளாவின் வீடியோ கால் வந்தது. பேரனைப் பார்க்குக்குக் கூட்டிவந்திருக்கிறாளாம். "மேடம், இரு இரு, என் தலைக்கு மேலயே குந்திகினு கீது, காட்றேன்" என்று போனைத் திருப்பினாள். விளக்குக் கம்பமும் வெள்ளையாக வானமும் தெரிந்தன. கம்பத்தில் இருந்தது கத்தியது. கரகரவென்று, தகரத்தைக் கீறுகிற மாதிரி அந்தக் குரல், என் போனிலிருந்து மாடி முழுக்கக் கேட்டது.

படியில் தடதடவென்று காலடிச் சத்தம். கோமதி ஓடிவந்தாள். கையில் டீ வடிகட்டி அப்படியே இருந்தது. பெட்டியைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள்.

"வந்துட்டா மேடம்?"

நான் போனைக் காட்டினேன். அவள் தொட்டி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சுவரோரமாக உட்கார்ந்தாள். "இன்னொரு தடவ கத்தினா கேட்டுக்கிடுதேன்" என்றாள்.

பறவையின் குரலைப் போட்டுப் பறவையைக் கூப்பிடக் கூடாது. இல்லாத துணையைத் தேடி வந்து ஏமாந்துபோகும். இந்த விதியை எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டியது நான்தான். மாடியில் நின்றபடி சுற்றிலும் ஒரு தடவை பார்த்தேன். பிறகு போனில் சத்தத்தை அடி வரைக்கும் குறைத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அதை அவள் காதோடு சேர்த்து வைத்தேன்.

அங்கே யார் கேட்கிறார்கள் என்று பரிமளாவுக்குத் தெரியாது. "இன்னா மேடம், கேக்குதா?" என்றாள்.

"கேக்கு" என்றாள் கோமதி. "அங்கனயே நில்லுங்கக்கா. போயிராதீங்க."